கோல் வலைக்குப் பின்னால்

செப்டம்பர் 8, ஞாயிறு

ஆட்டம் முடிந்து ஒரு வாரமாகிறது. இனி பொங்கல் கோப்பை வரைக்கும் மைதானத்தில் ஆடுதான் மேயும். ஊரில் எல்லாரும் மறந்துவிட்டார்கள். எனக்குத்தான் ஆறவில்லை. அரையிறுதியில், அதுவும் சாத்தூர்க்காரர்களிடம், ஒன்றுக்கு மூன்று! கோவில்பட்டியில் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே ஹாக்கி மட்டையைப் பிடிக்கும். அந்த ஊரில் எங்கள் விடிவெள்ளி கிளப் கோப்பையைத் தொட்டுப் பன்னிரண்டு வருஷமாகிறது. வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

இருபது வருஷ ரசிகை என்ற முறையில் சொல்கிறேன். சென்டர் ஹாஃப் ஜெயபாண்டியை வேறு யாரும் கொத்திக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பையன் பந்தை நிறுத்துகிற அழகைப் பார்க்கவே டிக்கெட் போடலாம். முன்வரிசையில் இடது பக்கம் ஓடத் தெரிந்த ஒருவன் வேண்டும். இப்போது இருக்கிறவன் ஓடுவதற்குள் பந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடும்.

அப்புறம் கீப்பர். கீப்பரை மாற்றியே ஆக வேண்டும். வாங்கிய மூன்று கோலும் வலது பக்கம் போனவை. சாத்தூர்க்காரர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்த வருஷம் மற்றவர்களும் கண்டுபிடிப்பார்கள். மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் கிளப் பெரிதா, ஆள் பெரிதா?

இதையெல்லாம் எழுதிவிட்டுக் கீப்பருக்குத் தோசை சுட்டுப் போட்டேன். எப்போதும் ஆறு சாப்பிடுகிற என் வீட்டுக்காரர் இன்றைக்கு மூன்றோடு எழுந்துவிட்டார். தரையில் கையை ஊன்றித்தான் எழுந்தார்.

செப்டம்பர் 12, வியாழன்

நவராத்திரிக்குத் தைக்க பிளவுஸ் துணிகள் வர ஆரம்பித்துவிட்டன. எல்லாருக்கும் நாளைக்கே வேண்டுமாம். மெட்ராஸில் ஏதோ ஒரு பேங்க் டீம் ஜெயபாண்டிக்கு வேலை தருவதாகக் கூப்பிடுகிறது என்று பஸ் ஸ்டாண்டில் பேச்சு. அந்தப் பயல் போனால் நான் சோறு தின்ன மாட்டேன்.

செப்டம்பர் 19, வியாழன்

நாத்தனார் ராஜாத்தியோடு கழுகுமலைக்குச் சாமி கும்பிடப் போனேன். திரும்பி வரும் வழியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பையன்கள் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். கால் தானாக நின்றுவிட்டது.

கோலில் நின்றவனைத்தான் பார்த்தேன். ஒல்லியாக, கை கால் நீண்ட பையன். பந்து வருவதற்கு முன்னாலேயே அது எங்கே வரும் என்று அவன் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. இடது பக்கம் விழுகிறான். விழுந்த வேகத்தில் எழுந்து வலது பக்கம் விழுகிறான். புழுதி அடங்குவதற்குள் மறுபடியும் நேராக நிற்கிறான். ஒருவன் ஆறு அடி தூரத்தில் இருந்து ஓங்கி அடித்தான். காலை நீட்டி அதைத் தட்டிவிட்டு ஒன்றும் நடக்காதவன் மாதிரி நின்றான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இருபது வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர் மைதானத்தில் இதே மாதிரி ஒருவரைப் பார்த்துத்தான், கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் ஒற்றைக் காலில் நின்றேன்.

ஓடிப்போய் வலைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். "அங்க போயி என்னத்தத் தெரியும்? பக்கவாட்டுல நின்னு பாருட்டி" என்றாள் ராஜாத்தி. உண்மையான ரசிகை கோலுக்குப் பின்னால்தான் நிற்பாள், ஆட்டத்தின் நெளிவு சுளிவெல்லாம் அங்கிருந்துதான் தெரியும் என்றேன். "சாமி கும்பிட வந்தவ சாமியத் தவிர எல்லாத்தையும் பாத்தாச்சு" என்று பஸ் வரும் வரைக்கும் திட்டினாள்.

பையன் பெயரைக் கேட்டுக்கொண்டேன். இசக்கிராஜா. நூல் மில்லில் ஷிஃப்ட் வேலை. இன்னும் எந்தக் கிளப்பிலும் சேரவில்லையாம்.

செப்டம்பர் 24, செவ்வாய்

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் அவருடைய கால் பேடுகளுக்கு வார் மாற்றித் தருவது என் வேலை. தையல் மெஷினில் ஏறாது. கோணி ஊசியும் நைலான் நூலும்தான். விரலில் நான்கு இடத்தில் குத்தியாயிற்று.

எப்போதும் இரண்டு பேடும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கும். இந்தத் தடவை இடது பேடு நைந்து கிடக்கிறது. வலது பேடு கடையில் வாங்கிய மாதிரி இருக்கிறது. அந்தப் பக்கம் விழுவதை அவர் விட்டு ஒரு வருஷமாவது இருக்கும். இன்னொரு தரம் அடிபட்டால் முட்டியைத் திறந்துதான் பார்க்க வேண்டும் என்று ஆடி மாதமே டாக்டர் சொன்னார். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் சொன்னார்கள். கதவு மெல்லிசு.

நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ரசிகை என்ற முறையில் எனக்கு வலது மூலைதான் கவலை.

வலது பேடுக்கும் புது வார் போட்டேன். மாடியில் இருந்து அவர் பக்கவாட்டாக இறங்கி வந்தார். "எதுக்கு செல்வி இவ்வளவு மெனக்கெடுத?" என்றார். "வருசா வருசம் செய்றதுதானே" என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி நின்றார். அப்புறம் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

செப்டம்பர் 29, ஞாயிறு

துணிந்து போய்விட்டேன். கிளப் செயலாளர் தங்கப்பழம் அண்ணாச்சியின் கடலை மிட்டாய்க் கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, "அண்ணாச்சி, கழுகுமலையில இசக்கிராஜான்னு ஒரு பையன் இருக்கான், கோல்ல நிக்கதுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

அண்ணாச்சி பாகு கிண்டுகிற கரண்டியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உன் வீட்டுக்காரர்ட்ட சொல்லிட்டியா தாயி?"

"அவுகளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா ஒடஞ்சி போயிருவாக. ரசிகையாத்தான் வந்து சொல்லுதேன்."

அவருக்கு ஏனோ சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, "பாப்போம், பாப்போம்" என்று ஒரு பொட்டலம் கடலை மிட்டாயைக் கையில் திணித்தார். புருஷனின் இடத்துக்கு வேறு ஆள் தேடுகிறவளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். வரும் வழியெல்லாம் எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

அக்டோபர் 5, சனி

என் வீட்டுக்காரர் தீப்பெட்டி ஆபீஸில் மெஷின் மெக்கானிக். சனிக்கிழமை சீக்கிரம் வந்துவிடுவார். இன்று மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது, தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் கோலில் நிற்கிற மாதிரி கால் அகட்டிக் குனிந்து நின்றிருந்தார். கையில் மட்டைகூட இல்லை. நான் படியிலேயே நின்றுகொண்டேன்.

என்ன அழகான மனிதர்! பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கோப்பை ஜெயித்த ஆட்டத்தில், பெனால்டி அடிக்க வந்தவன் கண்ணையே பார்த்துக்கொண்டு இப்படித்தான் நின்றார். அவன் பயந்துபோய்ப் பந்தை நேராக அவர் காலிலேயே அடித்தான். மைதானமே எழுந்து நின்றது. அவர் மட்டும் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டார்.

துணியை எடுக்காமலே இறங்கி வந்துவிட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

விடிவெள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. யார் இருக்கிறார், யார் போகிறார் என்று எவரும் வாயால் சொல்வதில்லை. ஆயுத பூஜை அன்று சாயங்காலம் கிளப் அறையில் அம்மன் படத்துக்கு முன்னால் அவரவர் மட்டையை வைக்க வேண்டும். வைத்தவன் அந்த வருஷம் விடிவெள்ளிக்காரன். வைக்காதவன் போகிறான். கீப்பருக்கு மட்டும் தனியாக ஒரு பலகை. அதில் ஒரே ஒரு ஜோடி பேடுதான் ஏறும். சாமிக்கு முன்னால் வைத்ததை வருஷம் முழுக்க மாற்றக் கூடாது. ஒருவன் இங்கே மட்டையை வைத்துவிட்டுத் திருநெல்வேலிப் பக்கம் போய் ஆடினான், முதல் ஆட்டத்திலேயே மணிக்கட்டு முறிந்தது. அதற்குச் சாமி காரணமோ சகதி காரணமோ, அதற்கப்புறம் யாரும் மீறியதில்லை.

ரசிகர்கள் வாசலில் நின்று பார்க்கலாம். நான் நான்கு மணிக்கே போய்விட்டேன். ஜெயபாண்டி மட்டையை வைத்தான். எனக்குப் போன உயிர் வந்தது. எட்டயபுரத்தில் இருந்து புதிதாக ஒரு பையன் இடது பக்கத்துக்கு வந்திருக்கிறான். கெண்டைக்கால் சதையைப் பார்த்தாலே ஓடுகிறவன் என்று தெரிகிறது. எல்லாம் நான் கேட்ட மாதிரியே நடந்தது.

கீப்பர் பலகை மட்டும் காலியாக இருந்தது. மற்ற வருஷங்களில் முதலில் நிறைவது அதுதான். "செண்பகராஜ் வரலையா?" என்று ஒருவர் கேட்டார். "எங்க வர? கால்தான் போச்சே" என்று இன்னொருவர் சொல்ல, பக்கத்தில் நின்றவன் களுக்கென்று சிரித்தான். தீப்பெட்டி ஆபீஸிலும் இன்று பூஜை, அதனால் அவருக்கு நேரமாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. பேடு இரண்டும் வீட்டில்தான் இருந்தன.

அந்தச் சிரிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன். பேடுகளுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன், கொண்டுவந்து பலகையில் நானே வைத்தேன். சிரித்தவனை ஒரு பார்வை பார்த்தேன். யார் ஆடுவது என்று அண்ணாச்சி பிறகு முடிவு பண்ணட்டும், பலகை காலியாக இருக்கக் கூடாது, அந்த ஆத்திரத்தில் வழக்கமெல்லாம் ஞாபகம் வரவில்லை.

அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். ஏன் என்று அப்போது புரியவில்லை. வாசலில் பெரிய பையைத் தோளில் போட்டுக்கொண்டு கழுகுமலைப் பையன் இசக்கிராஜா நின்றிருந்தான். பலகையைப் பார்த்தான். அம்மனைக் கும்பிட்டான். வந்த வழியே திரும்பிப் போய்விட்டான்.

அக்டோபர் 12, சனி

யானை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட கதையாகிவிட்டது.

காலையில் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்த நேரம். "ஏந்தாயி இப்படிப் பண்ணுன?" என்று மெதுவாகக் கேட்டார். "அந்தப் பையனக் கூட்டிட்டு வந்ததே ஒன் வீட்டுக்காரர்தான். ஆவணிக் கடைசிலயே கழுகுமலைக்குப் போயி, 'நான் நிறுத்திக்கிடுதேன், நீ வந்து பலகைல பேட வையி'ன்னு பேசி முடிச்சிட்டாரு. வேணும்னுதான் நேத்து வராம இருந்தாரு."

"என்ட்ட ஏன் சொல்லல?"

"செல்விக்கு மட்டும் தெரிய வேண்டாம்னாரு. 'நான் கோல்ல நிக்கதப் பாக்கத்தான் அவ வாரா, ஒடஞ்சி போயிருவா'ன்னாரு. நீயும் அதையேதான் வந்து சொன்ன. நான் யாருட்டன்னு சொல்ல?"

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். கோபம் இல்லை. என்னைப் பார்த்து, "வச்சது வச்சதுதான். ஒனக்கு அவ்வளவு ஆசன்னா ஆடிருவோம்" என்றார். என் ஆசையாம்! காப்பி போடுகிற சாக்கில் அடுப்படிக்குள் போய்விட்டேன். அண்ணாச்சி காப்பி குடிக்காமல் போய்விட்டார்.

அக்டோபர் 14, திங்கள்

விடிந்ததும் ஓடப் போனார். திரும்பி வந்தபோது முட்டி வீங்கியிருந்தது. ஐஸ் வைத்தேன். ஆட வேண்டாம் என்று சொல்லவில்லை.

அக்டோபர் 16, புதன்

இசக்கிராஜாவைச் சாத்தூர்க்காரர்கள் கூப்பிட்டுவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து பேசப் போகிறார்களாம். அந்தப் பையன் எங்களுக்கு எதிராகக் கோலில் நிற்பான், இவர் இந்தப் பக்கம் நொண்டிக்கொண்டு நிற்பார். இரண்டையும் நான் பார்க்க வேண்டும். ஒரு பிளவுஸில் இரண்டு கையையும் வலது கையாகவே வைத்துத் தைத்துவிட்டேன்.

அக்டோபர் 17, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலையில் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். முன்னால் போய் உட்கார்ந்தேன். "நீங்க கோல்ல நிக்க வேண்டாம்" என்றேன்.

கை நின்றது. "கால் வலிக்காகவா? நான் பாத்துக்கிடுதேன். நீ ஆசையா வச்சிருக்க."

ஆமாம், கால் வலிக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் எனக்காக ஆடியே தீருவார். இருபது வருஷமாக அவர் அப்படித்தான். அதனால் ரசிகையாகவே சொன்னேன்.

"கால் வலிக்காக இல்ல. ஒங்களால முடியல. வலது பக்கம் வாறதெல்லாம் உள்ள போவுது. அரையிறுதில மூணும் அப்படித்தான் போச்சு. நீங்க நின்னா இந்த வருசமும் கோப்ப வராது."

சொன்னதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அவர் எண்ணெய்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது பந்து ஜெயபாண்டி மட்டைல பட்டுத் திரும்புச்சு" என்றார்.

"திரும்பலைன்னாலும் உள்ளதான்."

கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "ஆமா. உள்ளதான்" என்றார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஒனக்குத் தெரியாம ஓவர்டைம்னு பொய் சொல்லிட்டு கழுகுமலைக்கு அலைஞ்சிருக்க வேண்டாமே!"

நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். வெங்காயம் எதுவும் உரிக்கவில்லை. அழுகைதான்.

அக்டோபர் 18, வெள்ளி

இனி பலகையில் வைத்ததை என்ன செய்வது என்று அவரும் அண்ணாச்சியும் கடையில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். சாமி குத்தமாகிவிடும் என்கிறார் ஒருவர். பையன் போய்விடுவானே என்கிறார் மற்றவர்.

"நான் வச்சது பேட. ஆளையா வச்சேன்?" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பலகைல இருக்க பேடுதான் இந்த வருசம் வெளையாடணும். அதுக்குள்ள யாரு காலு இருந்தா சாமிக்கு என்ன?"

"தாயி, நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றார் அண்ணாச்சி.

சாயங்காலம் நானும் அவருமாகக் கழுகுமலைக்குப் போனோம். இசக்கிராஜா மில்லில் இருந்து பஞ்சு ஒட்டிய தலையோடு வந்தான். விஷயத்தைச் சொன்னதும், "அண்ணன் பேட நான் எப்படிக்கா மாட்ட? அண்ணன் ஆடுனதப் பாத்துத்தான் நான் கோல்லயே நிக்க ஆரம்பிச்சேன்" என்று பின்வாங்கினான். நல்ல பையன். ஆனால் நல்லவனாக இருக்க இது நேரமில்லை.

"ஞாயித்துக்கெழம சாத்தூர்க்காரன் காப்பி குடிக்க வாரானாமே, அதுக்குத்தான் இந்த மரியாதையா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். பையில் இருந்து டேப்பை எடுத்தேன். கால் அளவு எடுக்கும்போது நெளிந்தான். "பிளவுசுக்கா அளவு எடுக்கேன்? நேரா நில்லுல" என்று ஒரு அதட்டல் போட்டேன். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பி மலையைப் பார்த்தார்.

பையன் கால் இவர் காலைவிட ரொம்ப ஒல்லி.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளித் தையல் முடிந்தது. வாரெல்லாம் பிரித்து அளவைக் குறைத்துத் தைத்தேன். இடது பேடில் நைந்த இடத்துக்கு ஒட்டுப் போட்டேன். மழை பிடித்துக்கொண்டது. அவர் ஆறு தோசை சாப்பிட்டார்.

டிசம்பர் 15, ஞாயிறு

பயிற்சி முடிந்து இசக்கிராஜா பேடைக் கொண்டுவந்தான், ஒரு பக்கிள் விட்டுவிட்டதாம். அவன் இட்லி சாப்பிடும்போது பேடுகளைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கின்றன. அவரிடம் காட்டினேன். வலது பேடைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா விழுறான்" என்றார்.

ஜனவரி 12, ஞாயிறு

பொங்கல் கோப்பையில் முதல் ஆட்டம். சாத்தூரோடேதான்.

வழக்கம் போலக் கோல் வலைக்குப் பின்னால் என் இடத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். அவர் கொஞ்ச நேரம் ஆட்டக்காரர்களோடு நின்றார், கொஞ்ச நேரம் அண்ணாச்சியோடு நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தார். கடைசியில் வந்து என் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். கட்டிக்கொண்டதில் இருந்து ஒரு ஆட்டத்தை நாங்கள் சேர்ந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

ஜெயபாண்டி தட்டிக் கொடுத்து எட்டயபுரத்துப் பையன் முதல் கோல் போட்டான். சாத்தூர்க்காரர்கள் விடவில்லை. பழைய ஞாபகத்தில் வலது மூலைக்கே அடித்தார்கள். இசக்கிராஜா விழுந்தான், எழுந்தான், மறுபடியும் விழுந்தான். ஒரு பந்துக்கு அவன் முழு உடம்பும் காற்றில் படுத்துக் கிடந்தது. பக்கத்தில் இவர் வலது தோளும் அதோடு சேர்ந்து சாய்ந்தது. நான் கத்தின கத்தலில் தொண்டை போய்விட்டது. இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்துவிட்டோம். கோப்பைக்கு இன்னும் மூன்று ஆட்டம் இருக்கிறது.

இடைவேளையில் அவர் கழுத்தை அப்படியும் இப்படியும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ செல்வி, இங்கன இருந்து ஒண்ணுமே தெரியலயே."

நான் கடலை மிட்டாயை உடைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பக்கம் யாரு கோல் போட்டான்னு தெரியல. பந்து எங்க போகுதுன்னே தெரியல. வல மறைக்கி. கீப்பர் முதுகு மட்டுந்தான் தெரியுது. இருவது வருசமா இங்க உக்காந்து என்னத்தட்டி பாத்த?"

பெரிய துண்டை அவர் கையில் வைத்தேன். அவர் அதை வாயில் போடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.